வயர்கார்ட்: ஹேண்ட்ஷேக் ஆகிறது, அலுவலக நெட்வொர்க்கைத் தொட முடியவில்லை (டெபியன் சர்வர் + ஃப்ரீபிஎஸ்டி கேட்வே)

#1 செங்காந்தள்

வணக்கம். மூன்று இயந்திரங்களை வயர்கார்டால் (இணையத்தின் வழியே பூட்டப்பட்ட தனி வழி, அதாவது டனல், அமைக்கும் விபிஎன் மென்பொருள்) இணைக்கப் பார்க்கிறேன். நடுவில் வாடகைக்கு எடுத்த ஒரு விர்ச்சுவல் சர்வர், டெபியன் 12, டனல் முகவரி 10.66.0.1. அலுவலகத்தில் ரவுட்டருக்குப் பின்னால் ஒரு ஃப்ரீபிஎஸ்டி 14 பெட்டி, 10.66.0.2. என் உபுண்டு லேப்டாப் 10.66.0.3. அலுவலக லேன் (உள் நெட்வொர்க்) 192.168.10.0/24, அதாவது 192.168.10 என்று தொடங்கும் முகவரிகள் எல்லாம். லேப்டாப்பிலிருந்து சர்வர் வழியாக அந்த லேனில் உள்ள கோப்பு சர்வரை, 192.168.10.20, அடைய வேண்டும். இவ்வளவுதான் தேவை.

இரண்டு பக்கமும் ஹேண்ட்ஷேக் (ஒருவரையொருவர் கீயால் அடையாளம் காணும் முதல் படி) நடந்துவிட்டதாக 'டபிள்யூஜி ஷோ' காட்டுகிறது. லேப்டாப்பிலிருந்து 10.66.0.1-க்கு பிங் போகிறது. ஆனால் அலுவலகப் பெட்டியிலிருந்து அதே 10.66.0.1-க்குப் பதில் வரவில்லை. சர்வரின் கான்ஃபிக் கோப்பில் இரண்டு பியர்களின் (மறுமுனை இயந்திரங்களின்) வரிசையை மாற்றி எழுதி மறுபடி எழுப்பினால் அலுவலகம் வேலை செய்கிறது, லேப்டாப் நின்றுவிடுகிறது. இந்த மாற்றம்தான் எனக்குப் புரியவே இல்லை.

சர்வரில் இரண்டு பியருக்கும் அலவ்டுஐபிஸ் 10.66.0.0/24 என்று கொடுத்திருக்கிறேன். போர்ட் 51820. ஃபயர்வாலில் யுடிபி திறந்திருக்கிறது.

#2 வடகாற்று

வயர்கார்டுக்குப் பதில் இன்னொரு விபிஎன் மென்பொருளான ஓபன்விபிஎன் போட்டிருந்தால் இந்தப் பிரச்சினையே வந்திருக்காது. சர்வர் தானே முகவரி கொடுக்கும், தானே ரவுட்டை (எந்த முகவரிக்கு எந்த வழி என்ற குறிப்பை) அனுப்பும். வயர்கார்டில் எல்லாவற்றையும் நாமே கையால் எழுத வேண்டியிருக்கிறது.

#3 ஆழிவலவன்

வரிசையை மாற்றினால் ஆள் மாறுகிறது என்று சொன்னீர்களே, அதிலேயே விடை இருக்கிறது. பலர் அதைக் கவனிக்காமல் ஃபயர்வாலைக் கிளறிக்கொண்டிருப்பார்கள்.

அலவ்டுஐபிஸ் என்பதை வெறும் அனுமதிப் பட்டியல் என்று நினைக்காதீர்கள். அது இரண்டு வேலை செய்கிறது. பாக்கெட் வெளியே போகும்போது, போகும் முகவரி எந்த பியரின் பட்டியலில் இருக்கிறதோ அந்த பியரின் கீயால் பூட்டி அனுப்பும். உள்ளே வரும்போது, பூட்டைத் திறந்த பிறகு, அனுப்பியவர் முகவரி அந்த பியரின் பட்டியலில் உண்டா என்று பார்க்கும். இல்லையென்றால் சத்தமில்லாமல் கீழே போட்டுவிடும். ஆகவே ஒரு இன்டர்ஃபேஸில் ஒரு முகவரி வீச்சு ஒரே ஒரு பியருக்குத்தான் சொந்தமாக இருக்க முடியும். அதே வீச்சை இரண்டாவது பியருக்கும் எழுதினால் முதலாவதிடமிருந்து எடுத்துக் கடைசியாக வந்தவருக்குக் கொடுத்துவிடும். எச்சரிக்கை வராது, லாகிலும் ஒரு வரி இருக்காது.

இப்போது சர்வரில் 'டபிள்யூஜி ஷோ' போட்டுப் பாருங்கள். முதலில் எழுதிய பியருக்கு 'அலவ்டு ஐபிஸ்' என்ற வரியில் அடைப்புக்குறிக்குள் 'நன்' என்று நிற்கும். ஹேண்ட்ஷேக்குக்கு இந்தப் பட்டியல் தேவையில்லை, அது கீயை மட்டும்தான் பார்க்கிறது. அதனால்தான் ஹேண்ட்ஷேக் ஆகியும் ஒரு பாக்கெட்கூடக் கடக்கவில்லை.

சர்வரில் லேப்டாப்புக்கு 10.66.0.3/32 (அந்த ஒரே முகவரி) மட்டும் கொடுங்கள். அலுவலகத்துக்கு 10.66.0.2/32, அதோடு 192.168.10.0/24. லேப்டாப் பக்கம் சர்வர்தான் ஒரே பியர், அங்கே 10.66.0.0/24, 192.168.10.0/24 இரண்டும் இருக்கட்டும். அலுவலகப் பெட்டியில் 10.66.0.0/24 போதும். 'டபிள்யூஜி-குயிக்' இந்தப் பட்டியலைப் பார்த்து ரவுட்டுகளையும் தானே போட்டுவிடும்.

கான்ஃபிக்கில் 'சேவ்கான்ஃபிக்' என்ற வரி இருந்தால் முதலில் நீக்குங்கள். அது இருக்கும்போது கோப்பைத் திருத்திவிட்டு இன்டர்ஃபேஸை இறக்கினால், ஓடிக்கொண்டிருந்த பழைய நிலையையே கோப்பின் மேல் எழுதிவிடும். உங்கள் திருத்தம் போய்விடும்.

#4 குறிஞ்சித்தேன்

மேலே சொன்னது சரி. அலுவலகப் பெட்டி ரவுட்டருக்குப் பின்னால் இருப்பதால் அங்கே மட்டும் 'பெர்சிஸ்டன்ட்கீப்அலைவ்' 25 (25 விநாடிக்கு ஒருமுறை சிறு பாக்கெட் அனுப்பும் வரி) போடுங்கள். இல்லையென்றால் கொஞ்ச நேரம் போக்குவரத்து இல்லாமல் இருந்தால் ரவுட்டர் அந்த யுடிபி இணைப்பை மறந்துவிடும். அதன்பிறகு சர்வர் பக்கமிருந்து அலுவலகத்தை எழுப்பவே முடியாது. பொது முகவரி உள்ள சர்வர் பக்கத்தில் அது வேண்டாம்.

ஃப்ரீபிஎஸ்டியில் 13.2-லிருந்து வயர்கார்ட் டிரைவர் அடிப்படை கர்னலோடே வருகிறது. தொகுப்பாக 'வயர்கார்ட்-டூல்ஸ்' மட்டும் நிறுவினால் 'டபிள்யூஜி-குயிக்' கிடைக்கும். கான்ஃபிக் கோப்பு இருக்க வேண்டிய இடம் யுஎஸ்ஆர்-லோக்கலுக்குக் கீழே உள்ள இடிசி அடைவு, லினக்ஸ் போல மூல இடிசி அல்ல. லினக்ஸ் பழக்கத்தில் தவறான இடத்தில் வைத்துவிட்டு, பூட் ஆனதும் டனல் வரவில்லையே என்று தேடுபவர்களைப் பார்க்கிறேன். ஆர்சி.கான்ஃப் கோப்பில் வயர்கார்டை இயக்கும் வரியும் இன்டர்ஃபேஸ் பெயர் சொல்லும் வரியும் தனித்தனியாக வேண்டும்.

#5 செங்காந்தள்

ஆழிவலவன் அண்ணா, அப்படியே 'நன்' என்று இருந்தது! /32 ஆக மாற்றியதும் சர்வரிலிருந்து 10.66.0.2, 10.66.0.3 இரண்டுக்கும் பிங் போகிறது. மிக்க நன்றி.

இப்போது அடுத்த தடை. லேப்டாப்பிலிருந்து 10.66.0.2-க்கு எதுவும் வரவில்லை. 192.168.10.20-ம் இல்லை. எந்தப் பிழைச் செய்தியும் இல்லை, பிங் சும்மா நிற்கிறது.

#6 ஆழிவலவன்

பிழைச் செய்தி இல்லை என்பதும் ஒரு தகவல்தான். வயர்கார்ட் தன் இடத்திலேயே சிக்கினால் பிங் வேறு மாதிரி பேசும். 'ரிக்வயர்டு கீ நாட் அவைலபிள்' என்று வந்தால் அந்த முகவரி எந்த பியரின் பட்டியலிலும் இல்லை என்று பொருள். 'டெஸ்டினேஷன் அட்ரஸ் ரிக்வயர்டு' என்று வந்தால் பியர் இருக்கிறது, ஆனால் அதன் எண்ட்பாயிண்ட் (இணையத்தில் அதை அடையும் முகவரியும் போர்ட்டும்) இன்னும் தெரியவில்லை. இந்த இரண்டும் இல்லாமல் அமைதியாக நின்றால் பாக்கெட் லேப்டாப்பை விட்டுக் கிளம்பிவிட்டது, வழியில் எங்கோ விழுகிறது.

எங்கே விழுகிறது என்று ஊகிக்க வேண்டாம், பாருங்கள். லேப்டாப்பில் பிங்கை ஓடவிட்டு, சர்வரில் டபிள்யூஜி0 இன்டர்ஃபேஸில் டிசிபிடம்ப் (கடக்கும் பாக்கெட்டுகளைக் காட்டும் கருவி) போட்டு ஐசிஎம்பி (பிங் பாக்கெட்டுகள்) மட்டும் கவனியுங்கள். இங்கே பாக்கெட் உள்ளே வருவதும் வெளியே போவதும் ஒரே இன்டர்ஃபேஸ். அதனால் சர்வர் ஒழுங்காகக் கடத்தினால் ஒவ்வொரு ரிக்வெஸ்டும் இரண்டு தடவை தெரிய வேண்டும். விவர முறையில் பார்த்தால் முதலாவதில் டிடிஎல் (ஒவ்வொரு கடத்தலிலும் ஒன்று குறையும் எண்) 64, இரண்டாவதில் 63. ஒரே தடவைதான் தெரிகிறது என்றால் சர்வர் வாங்கி வைத்துக்கொண்டு அடுத்தவருக்குக் கொடுக்கவில்லை.

அப்படியானால் சர்வரில் ஐபி ஃபார்வர்டிங் (பிறருக்கான பாக்கெட்டைக் கடத்தும் வசதி) அணைந்திருக்கிறது. சிஸ்சிடிஎல் மூலம் ஐபிவி4 ஃபார்வர்டிங்கை 1 ஆக்குங்கள். சர்வரை அணைத்து எழுப்பிய பிறகும் நிற்க வேண்டுமென்றால் சிஸ்சிடிஎல்.டி அடைவில் ஒரு கோப்பாக வையுங்கள். 1 ஆக்கியும் ஒரே தடவைதான் வருகிறதென்றால் ஃபயர்வாலின் ஃபார்வர்டு செயினை, அதாவது கடத்தும் பாக்கெட்டுகளுக்கான விதிகளைப் பாருங்கள். டாக்கர் நிறுவிய சர்வர் என்றால் அதில் பாலிசி டிராப் ஆக மாறியிருக்கும்.

#7 மின்மினி

இடையில் வருவதற்கு மன்னிக்கவும். எனக்கு ஹேண்ட்ஷேக்கே ஆகவில்லை. போர்ட் திறந்திருக்கிறதா என்று வெளியிலிருந்து ஸ்கேன் செய்தால் திறந்திருக்கிறது என்றும் சொல்லவில்லை, மூடியிருக்கிறது என்றும் சொல்லவில்லை. எப்படி சோதிப்பது?

#8 ஆழிவலவன்

மின்மினி, ஸ்கேன் செய்து தெரிந்துகொள்ளவே முடியாது. தனக்குத் தெரிந்த கீயால் உறுதி செய்யப்படாத எந்தப் பாக்கெட்டுக்கும் வயர்கார்ட் பதில் சொல்லாது. வேண்டுமென்றே அப்படி வடிவமைத்திருக்கிறார்கள்.

சர்வரின் வெளி இன்டர்ஃபேஸில் யுடிபி 51820-ஐ டிசிபிடம்பில் பாருங்கள். பாக்கெட்டின் நீளமே கதையைச் சொல்லும். ஹேண்ட்ஷேக்கைத் தொடங்கும் பாக்கெட் எப்போதும் 148 பைட். அதற்கான பதில் 92. வெறும் கீப்அலைவ் 32.

148 வரவே இல்லையா, கிளவுட் பலகத்தில் உள்ள ஃபயர்வாலிலோ எண்ட்பாயிண்ட் முகவரியிலோ கோளாறு. 148 சுமார் 5 விநாடிக்கு ஒருமுறை வந்துகொண்டே இருக்கிறது, 92 கிளம்பவில்லையா, பப்ளிக் கீ பொருந்தவில்லை. 92 கிளம்புகிறது, ஆனால் அந்தப் பக்கம் சேரவில்லையா, திரும்பும் வழியில் யாரோ தடுக்கிறார்கள். சர்வருக்கு இரண்டு பொது முகவரி இருந்து, கேட்ட முகவரியிலிருந்து இல்லாமல் மற்றதிலிருந்து பதில் போனாலும் இப்படி ஆகலாம்.

கீ சரியாக இருந்தும் 92 வரவில்லையென்றால் கிளையன்ட்டின் கடிகாரத்தைப் பாருங்கள். ஒவ்வொரு 148-லும் நேர முத்திரை உண்டு. அந்த பியரிடமிருந்து கடைசியாகப் பார்த்த முத்திரையைவிடப் பழையதாக இருந்தால், யாரோ பழைய பாக்கெட்டை மறுபடி அனுப்புகிறார்கள் என்று கருதி சர்வர் ஒதுக்கிவிடும். பேட்டரிக் கடிகாரம் இல்லாத சிறிய போர்டுகள் மின்சாரம் போய் வந்ததும் பழைய நேரத்தோடு எழும். நேரம் சரியானதும் தானாக இணையும். ஆனால் நேரத்தைச் சரிசெய்யும் என்டிபியே டனல் வழியாகத்தான் போக வேண்டும் என்று அமைத்திருந்தால் இரண்டும் ஒன்றுக்கொன்று காத்துக்கொண்டு நிற்கும்.

#9 மின்மினி

148 மட்டும் வந்துகொண்டிருந்தது. கிளையன்ட்டின் பப்ளிக் கீயைப் போட வேண்டிய இடத்தில் சர்வரின் பப்ளிக் கீயே இருந்தது. மாற்றியதும் 92 கிளம்பியது, ஹேண்ட்ஷேக் ஆகிவிட்டது. நன்றி அண்ணா.

#10 வடகாற்று

நான் சொன்னதை யாரும் எடுத்துக்கொள்ளவில்லை, இருந்தாலும் சொல்கிறேன். எங்கள் பயனர்கள் போகும் இடங்களில் யுடிபியையே அடைத்து வைத்திருக்கிறார்கள். வயர்கார்ட் யுடிபி மட்டும்தான். ஓபன்விபிஎன் என்றால் டிசிபி 443-ல் ஓட்டிவிடலாம். பயனர் பெயர், கடவுச்சொல், எல்டாப் (பயனர் பட்டியல் சேவை) எல்லாம் சேர்த்துச் சரிபார்க்கலாம். ஒருவர் வேலையை விட்டுப் போனால் அவர் சான்றிதழை ரத்து செய்தால் போதும். 2001-லிருந்து இருக்கும் மென்பொருள், ஓடாத யூனிக்ஸ் இல்லை.

#11 குறிஞ்சித்தேன்

வடகாற்று, நூறு பேர் வந்து போகும் இடத்துக்கு நீங்கள் சொல்வது நியாயம்தான். பயனர் சரிபார்ப்பையும் முகவரி விநியோகத்தையும் வயர்கார்ட் தன் வேலையாக எடுத்துக்கொள்ளவே இல்லை. அதை வேறொன்றைக் கொண்டு கட்ட வேண்டும். ஆனால் செங்காந்தளுக்கு மூன்று முனைகள். மூன்று முனைக்கு ஒரு சான்றிதழ் நிறுவனத்தையே நடத்தச் சொல்வது அதிகம்.

ரத்துப் பட்டியல் பற்றி ஒன்று. சான்றிதழ்க் கருவியான ஈஸி-ஆர்எஸ்ஏ உருவாக்கும் ரத்துப் பட்டியலுக்கு இயல்பாக 180 நாள்தான் ஆயுள். அதைச் சரிபார்க்கும்படி ஓபன்விபிஎன் சர்வரை அமைத்துவிட்டுப் பட்டியலைப் புதுப்பிக்க மறந்தால், சரியான சான்றிதழ் வைத்திருப்பவர்கள் உட்பட எல்லோரும் ஒரே நாளில் வெளியே நிற்பார்கள். க்ரானில் (குறித்த நேரத்தில் கட்டளை ஓட்டும் கருவி) போட்டு அடிக்கடி புதிதாக உருவாக்கிவிடுங்கள்.

டிசிபி 443 கடைசி வழியாக இருக்கட்டும். உள்ளே ஒரு டிசிபி, வெளியே ஒரு டிசிபி. ஒரு பாக்கெட் தொலைந்தால் இரண்டுமே தனித்தனியாக மறுபடி அனுப்பத் தொடங்கும். மோசமான இணைப்பில் டனல் தவழும். ஓபன்எஸ்எஸ்எச்சின் (தொலை நுழைவு மென்பொருள்) 'டன்' வகை டனலுக்கும் இதே குறை உண்டு. அவசரத்துக்கு அது நல்ல கருவி, ஆனால் நாள் முழுக்க ஓட்டுவதற்கு அல்ல. பழைய ஓபன்விபிஎன் கான்ஃபிக்கில் கம்ப்ரெஷன் வரி இருந்தால் தூக்கிவிடுங்கள். 2018-ல் வெளியான வொராக்கிள் தாக்குதல் அதன் வழியாகத்தான்.

#12 வடகாற்று

ரத்துப் பட்டியல் விஷயம் உண்மை. பயனர்கள் நடமாடும் இடத்துக்கு ஓபன்விபிஎன், இடத்துக்கு இடம் இணைக்க வயர்கார்ட் என்றால் எனக்குச் சம்மதம்.

#13 செங்காந்தள்

ஒரே தடவைதான் தெரிந்தது. ஃபார்வர்டிங் 0 ஆக இருந்தது. 1 ஆக்கியதும் 64, 63 என்று ஜோடி ஜோடியாக வர ஆரம்பித்தது. லேப்டாப்பிலிருந்து 10.66.0.2 பதில் சொல்கிறது.

192.168.10.20 மட்டும் இன்னும் இல்லை. ஃப்ரீபிஎஸ்டியில் ஃபார்வர்டிங்கை இயக்கும் 'கேட்வே_எனேபிள்' போட்டுவிட்டேன். அதன் லேன் இன்டர்ஃபேஸில் டிசிபிடம்ப் பார்த்தால் 10.66.0.3-லிருந்து 192.168.10.20-க்கு ரிக்வெஸ்ட் போவது தெரிகிறது. பதில் வரவில்லை. கோப்பு சர்வரில் ஃபயர்வால் எதுவும் இல்லை.

#14 குறிஞ்சித்தேன்

கோப்பு சர்வர் பதில் சொல்லியிருக்கும், உங்களிடம் சொல்லவில்லை, அவ்வளவுதான். 10.66.0.3 என்ற முகவரி அதற்கு அந்நியம். அந்நியருக்கான பதிலை அது தன் டிஃபால்ட் கேட்வேக்கு, அதாவது அலுவலக ரவுட்டருக்கு அனுப்பும். ரவுட்டருக்கும் 10.66.0.0/24 தெரியாது, இணையத்தின் பக்கம் தள்ளிவிடும், அங்கே செத்துப்போகும்.

ரவுட்டரில் ஒரு ஸ்டாட்டிக் ரவுட் போடுங்கள்: 10.66.0.0/24-க்கு வழி ஃப்ரீபிஎஸ்டி பெட்டியின் லேன் முகவரி. ஃப்ரீபிஎஸ்டியில் பிஎஃப் (அதன் ஃபயர்வால்) கொண்டு நாட் (பாக்கெட்டின் முகவரியை வழியில் மாற்றுவது) செய்தாலும் உடனே வேலை செய்யும். ஆனால் அப்போது கோப்பு சர்வரின் லாகில் வருகிறவர்கள் எல்லோரும் ஃப்ரீபிஎஸ்டியின் முகவரியிலேயே தெரிவார்கள். நாளை யார் என்ன செய்தார்கள் என்று தேடும்போது அது கை கொடுக்காது. ரவுட்டர் உங்கள் கையில் இருக்கும்போது நாட் வேண்டாம் என்பேன்.

ஒரு எச்சரிக்கை. இந்த அமைப்பில் போகும் பாக்கெட் ஃப்ரீபிஎஸ்டியிலிருந்து நேராகக் கோப்பு சர்வருக்குப் போகிறது, திரும்புவது ரவுட்டர் வழியாக வருகிறது. கண்டிப்பான ஸ்டேட்ஃபுல் (இணைப்புகளை நினைவில் வைக்கும்) ஃபயர்வால் உள்ள ரவுட்டர் என்றால், தொடக்கத்தைப் பார்க்காத டிசிபி இணைப்பின் பதில் மட்டும் வருவதைப் பார்த்துத் தடுத்துவிடும். பிங் போகும், எஸ்எஸ்எச் இணையாது. அப்படி வந்தால் டிஎச்சிபி (முகவரியைத் தானாகக் கொடுக்கும் சேவை) ஆப்ஷன் 121 மூலம் லேன் இயந்திரங்களுக்கே நேரடியாக அந்த ரவுட்டைக் கொடுத்துவிடுங்கள். நிலையான முகவரி வைத்திருக்கும் இயந்திரங்களில் கையால் எழுத வேண்டும்.

#15 செங்காந்தள்

ஸ்டாட்டிக் ரவுட் போட்டதும் பிங் வந்துவிட்டது. எஸ்எஸ்எச்சும் இணைகிறது.

ஆனால் வீட்டு இணைப்பில் எல்லாம் சரியாக இருக்கிறது, கைபேசி ஹாட்ஸ்பாட்டில் போனால் எஸ்எஸ்எச் உள்ளே விடுகிறது, சின்னக் கட்டளைகள் ஓடுகின்றன, பெரிய அடைவைப் பட்டியலிட்டால் திரை பாதியில் உறைந்துவிடுகிறது. குறிஞ்சித்தேன் சொன்ன திரும்பும் பாதைப் பிரச்சினையா?

#16 ஆழிவலவன்

இல்லை. அதுவாக இருந்தால் இணைப்பே நிறுவப்படாது. இணைந்த பிறகு பெரியது மட்டும் நிற்கிறதென்றால் எம்டியு, அதாவது ஒரு பாக்கெட்டின் உச்ச அளவு.

கணக்கு இது. சாதாரண ஈதர்நெட் 1500 பைட். வயர்கார்ட் உறைக்கு 32, யுடிபிக்கு 8, வெளி ஐபி ஹெடருக்கு ஐபிவி6 என்றால் 40, ஐபிவி4 என்றால் 20. பெரியதையே எடுத்துக்கொண்டு 80 கழித்தால் 1420. 'டபிள்யூஜி-குயிக்' அதைத்தான் வைக்கிறது. அது பார்ப்பது லேப்டாப்பின் வைஃபை 1500-ஐ மட்டுமே. வைஃபைக்கு அப்பால் கைபேசி நெட்வொர்க்கில் எவ்வளவு அகலம் என்பது அதற்குத் தெரியாது. அங்கே குறுகலாக இருந்தால் நிரம்பிய பாக்கெட்டுகள் மட்டும் சிதறும் அல்லது விழும். சின்னவை போய்க்கொண்டே இருக்கும். அதனால்தான் எல்லாம் நன்றாக இருப்பது போலத் தோன்றும்.

ஹாட்ஸ்பாட்டில் இருந்தபடி, துண்டாக்கக்கூடாது என்ற விருப்பத்தோடு பிங் அனுப்புங்கள். லினக்ஸில் பெரிய எம் விருப்பத்துக்கு 'டூ' என்று கொடுக்க வேண்டும், ஃப்ரீபிஎஸ்டியில் பெரிய டி. அளவு 1392 கொடுங்கள். அதோடு ஹெடர்கள் 28 சேர்ந்தால் 1420. பதில் இல்லையென்றால் அளவைக் குறைத்துக்கொண்டே வாருங்கள். பதில் வரும் மிகப்பெரிய அளவோடு 28-ஐக் கூட்டினால் உங்கள் எம்டியு.

பல நெட்வொர்க்குகளில் திரிகிற லேப்டாப்புக்கு நான் நேராக 1280 வைத்துவிடுவேன். ஐபிவி6-க்குக் குறைந்தபட்சம் தேவையான அளவு அது. வேகத்தில் கொஞ்சம் போகும், போகட்டும். இடத்துக்கு இடம் மாறும் ஒரு கோளாறைத் துரத்திக்கொண்டிருப்பதற்கு அது மேல்.

லேப்டாப்பின் இன்டர்ஃபேஸ் பகுதியில் எம்டியு வரி ஒன்று எழுதினால் டிசிபிக்குப் போதும். இணைப்பு தொடங்கும்போதே லேப்டாப் தன் எம்எஸ்எஸ் (ஒரு டிசிபி பாக்கெட்டில் ஏற்கும் தரவின் உச்ச அளவு) 1240 என்று சொல்லிவிடும், கோப்பு சர்வர் அதற்கு மேல் அனுப்பாது. டனலின் இரு பக்கமும் முழு நெட்வொர்க்குகள் இருந்தால்தான் கேட்வேயில் எம்எஸ்எஸ்ஸைக் குறைக்கும் விதி தேவைப்படும்.

#17 குறிஞ்சித்தேன்

ஓபன்பிஎஸ்டியில் இதே வேலையைச் செய்கிறவர்களுக்காக ஒரு குறிப்பு. 2020-ல் வந்த 6.8 பதிப்பிலிருந்து டபிள்யூஜி இன்டர்ஃபேஸ் அடிப்படையிலேயே இருக்கிறது. எந்தத் தொகுப்பும் நிறுவ வேண்டாம். ஐஎஃப்கான்ஃபிக் கட்டளையே போதும், அதே வரிகளை இடிசியில் 'ஹோஸ்ட்நேம்.டபிள்யூஜி0' என்ற கோப்பில் எழுதினால் இயந்திரம் எழும்போதே டனலும் எழும். பிரைவேட் கீயை ஓபன்எஸ்எஸ்எல்லிடம் 32 பைட் ரேண்டம் கேட்டு பேஸ்64 ஆக எடுத்துக்கொள்ளலாம். அந்தக் கோப்பை மற்றவர்கள் படிக்க முடியாதபடி 640 அனுமதி வையுங்கள். யூனிக்ஸில் இதைவிடச் சுத்தமான டனல் அமைப்பை நான் பார்த்ததில்லை.

எந்த இயங்குதளம் என்றாலும் பிரைவேட் கீயை அது பயன்படும் இயந்திரத்திலேயே உருவாக்குங்கள். உருவாக்கும் முன் யுமாஸ்க் 077 (புதுக் கோப்பை மற்றவர்கள் படிக்க முடியாதபடி) வையுங்கள். சர்வரில் எல்லோருக்கும் கீ உருவாக்கி மின்னஞ்சலில் அனுப்பும் பழக்கத்தைத் தயவுசெய்து விட்டுவிடுங்கள். பயணப்பட வேண்டியது பப்ளிக் கீ மட்டும்தான்.

#18 செங்காந்தள்

1392-க்குப் பதில் வரவில்லை. 1312-ல் வந்தது. 1280 வைத்தேன், ஹாட்ஸ்பாட்டிலும் உறையவில்லை. இப்போது பெரிய கோப்புகளையே இழுத்துப் பார்த்துவிட்டேன். எல்லோருக்கும் நன்றி.

கடைசியாக இரண்டு கேள்விகள். புது பியர் சேர்க்க ஒவ்வொரு முறையும் சர்வரில் டனலை இறக்கி ஏற்ற வேண்டுமா? இன்னொரு கிளை அலுவலகத்தையும் இணைக்கச் சொல்கிறார்கள், அங்கேயும் லேன் 192.168.10.0/24.

#19 ஆழிவலவன்

இறக்க வேண்டாம். கோப்பில் பியரைச் சேர்த்துவிட்டு, 'டபிள்யூஜி-குயிக் ஸ்ட்ரிப்' தரும் வெளியீட்டை 'டபிள்யூஜி சிங்க்கான்ஃப்' கட்டளைக்குக் கொடுங்கள். ஓடிக்கொண்டிருக்கும் மற்ற பியர்களின் இணைப்பு அறுபடாது. ஆனால் இது ரவுட்டைத் தொடாது. புது பியரின் முகவரி 10.66.0.0/24-க்குள் இருந்தால் கவலையில்லை. புதிதாக ஒரு லேன் சேர்கிறதென்றால் அதற்கான ரவுட்டை நீங்களே போட வேண்டும்.

இரண்டாவது கேள்விக்கு: ஒரே வீச்சை இரண்டு பியருக்குக் கொடுத்தால் என்ன ஆகும் என்று இந்த இழையின் தொடக்கத்திலேயே பார்த்துவிட்டீர்கள். நாட் மூலம் ஒன்றுக்கு ஒன்றாக முகவரியை மாற்றி ஒரு லேனை வேறு எண்ணில் காட்டலாம், லினக்ஸில் நெட்மேப் அதைச் செய்யும். அதன்பிறகு டிஎன்எஸ் ஒரு முகவரியைச் சொல்லும், டனல் வழியாக வருபவர்களுக்கு வேறொன்று வேண்டியிருக்கும், ஒவ்வொரு கோளாறிலும் எந்த எண்ணைப் பேசுகிறோம் என்ற குழப்பம் வரும். கிளையில் எத்தனை இயந்திரங்கள்?

#20 செங்காந்தள்

பத்துக்கும் குறைவு. பிரிண்டர் ஒன்றுக்குத்தான் நிலையான முகவரி. மற்றதெல்லாம் டிஎச்சிபி.

#21 ஆழிவலவன்

அப்படியானால் யோசிக்கவே வேண்டாம். இணைப்பதற்கு முன்னால் அந்த லேனின் எண்ணையே மாற்றிவிடுங்கள், 10.66.20.0/24 மாதிரி. பிரிண்டரின் முகவரியை முதலில் மாற்றி, அப்புறம் ரவுட்டரில் டிஎச்சிபி வீச்சை மாற்றி, எல்லா இயந்திரங்களையும் ஒருமுறை அணைத்து எழுப்பச் சொல்லுங்கள். அதன் பிறகு சர்வரில் அந்தக் கிளையின் பியருக்கு 10.66.0.4/32, 10.66.20.0/24. லேப்டாப்பின் பட்டியலிலும் 10.66.20.0/24-ஐச் சேர்க்க மறக்காதீர்கள். இரண்டு அலுவலகங்களும் தங்களுக்குள் பேச வேண்டுமென்றால் ஒவ்வொன்றின் பட்டியலிலும் மற்றதன் லேன், இரண்டு ரவுட்டர்களிலும் அதற்கான ஸ்டாட்டிக் ரவுட். அந்த எம்எஸ்எஸ் விதியும் அப்போது தேவைப்படும். அதைச் செய்யும்போது இங்கேயே எழுதுங்கள், பிஎஃப் வரியைச் சேர்ந்து பார்ப்போம்.